தணிகையிற் பிறந்த அறநூலாசிரியர்

சூரனொடு பொருத சினம் தணிந்து முருகப்பெருமான் எழுந்தருளிய திருத்தணிகை, சைவ நன்மக்கட்கு அருணகிரிநாதரையும் கச்சியப்ப முனிவரையும் நினைவுறுத்தும் தலமாகும். தணிகைப் புராணம் பாடிய முனிவர் 1790-இல் இறைவனடி எய்தினார். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பின்னர், அம்மலையின் அடிவாரத்தே, வேறு மொழி பேசும் குடியில், வேறு கொள்கை பற்றியொழுகும் மரபில் ஒருவர் தோன்றினார். அவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணர் ஆவர். பாரதநாட்டின் குடியரசுத் தலைவராய் வீற்றிருந்தமையால் அவர் பெயரை அறியாதார் இலர். ஆயின் அப்பதவி பற்றி அன்று ஈண்டு நாம் அவர் வாழ்க்கையை எடுத்துரைப்பது.

அவர் வேதாந்தி, சங்கராசாரியர் வழிநின்று நூல் செய்தவர். சித்தாந்தச் செல்வர் கையிற் செல்லும் ஏட்டில் அவர் வரலாற்றுக்கு இடம் எற்றுக்கு எனின், கூறுதும். உலகு வெறுந்தோற்றமே யாயின், பொய்யுலகிற் பொய்யுயிர்க்குப் பொய்யுயிர் செய்யும் உதவியும் பொய்யாதலே முடிவன்றோ? அறம் இது மறம் இது எனத் தெரிந்து ஒழுகுதற்கு நிலைக்களன் யாது? இவ்வினாவை ஏகான்மவாதியை நோக்கி நம் சந்தானாசாரியர் மரபு பன்முறை எழுப்பியுள்ளது. அதே வினாவைப் பிற சமயத்தார் வாயிற் கேட்டு நெஞ்சு புண்பட்டு, அதற்கு விடைதேடுதலிலேயே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் இராதாகிருஷ்ணர். அவர் கண்ட விடை நம் வாயில்வரை வந்து நின்றது என்பது எம் கருத்து. உள்ளே புகுந்ததா என்பது வேறு.

அவர் பிறந்தது 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள். தந்தையார் வீராசாமி, சமீன் ஒன்றன் வருவாய்த்துறையிற் சிறு ஊழியம் பார்த்தவர், தாயார் சீதம்மாள். குடும்பத்தாரின் முன்னோர் நெல்லூரைச் சார்ந்த சர்வபள்ளி என்னும் ஊரினர் ஆகலின் அவ்வூர்ப் பெயர் குடிப்பெயராயிற்று. இல்லத்திற் பேசியது தெலுங்கு. அக்காலத்துத் திருத்தணிகை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனொடு சேர்ந்தது. 1953-இல் ஆந்திர நாடு தனியே பிரிந்தபோது அதன்கண் சென்றது. தமிழன்பர்தம் பெருங்கிளர்ச்சியின் பயனாய் 1960 ஏப்ரல் முதல் நாள் மீண்டும் சென்னை இராச்சியத்தை அடைந்தது. எல்லைகள் இங்ஙனம் இடம் பெயர்ந்தனவேனும் படியேறும் அடியார் கூட்டம் இருமொழியினரும் கலந்ததாகவே என்றும் இருந்துவருகின்றது. அம்மலையின் நிழலிற் கழிந்த முதல் எட்டாண்டுகளை அவர் பிற்காலத்தும் மறந்திலர். கண்ணுக்குப் புலனாகாத ஒன்று உண்மையாக உளது என்னும் உறுதி தமக்கு நினைவு தெரிந்த நாள்தொட்டே இருந்தது என்றும், அதற்குக் காரணம் காட்ட இயலாது என்றும் தம் வரலாற்றுக் கட்டுரையிற் குறித்துள்ளார். தணிகைவேளை வழிபடுவார்க்கு அக்காரணம் அத்துணை மறைபொருள் அன்று.

1896-இல் திருப்பதியில் உலூதரன் கிறித்தவச் சங்கத்தார் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். பின்னர் வேலூரில் வூரிஸ் கல்லூரியிலும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். ஆகப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கல்வி கிறித்தவ போதகர்தம் கையிலேயே நிகழ்ந்தது. சென்னையில் தத்துவநூலைப் பாடமாக மேற்கொண்டதும் தம் விருப்பத்தால் அன்று. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தாம் கற்று முடித்த ஏடுகள் சிலவற்றை அவர்க்கு அளித்தனர். அவை இசுடௌட்டு என்பாரது மனநூலும், வெல்ட்டன் என்பாரது அளவை நூலும், மெக்கென்சி என்பாரது அறநூலும் ஆம். விலை கொடுத்து வேறு நூல் வாங்குதற்கு வசதியின்மையின், கையில் இருந்தவற்றிற்கு ஏற்பப் பாடத்தை வரைந்துகொண்டார். வறுமை காட்டிய வழி இது. ஊழ் என்பார்க்கும் இஃது இயையும்.

அக்கல்லூரி ஆசிரியர் நல்லவர், மாணாக்கரிடத்து அன்புடையர், ஆயினும் இந்துசமயத்தின்பால் ஒரு குறையை விடாது எடுத்துரைத்தனர். பிரமம் நன்மை தீமை இரண்டையும் கடந்தது என்பீராயின் அதனை அடைய விழைவான் நன்மையைப் போற்றுவது எற்றுக்கு? உலகம் மாயை என்பீராயின் அயலான் துயர் துடைப்பதிற் பொருள் என்னை? அனைத்தும் பழவினைப்படி நிகழும் என்பீராயின் ஒருவனைக் குற்றவாளி என்றல் யாங்ஙனம்? இவையே அவர்தம் தடைகள். அவருள் ஆல்பிரடு சார்ச்சு ஆக்கு என்னும் பேராசிரியர் கன்மத்தையும் மீட்பையும் ஒப்பிட்டுத் தொடர்கட்டுரைகள் வரைந்தவர். கன்மம் என்பது வழக்கு மன்றத்துக் கணக்குப் போல்வது, அதன்கண் அருளுக்கும் மன்னிப்புக்கும் இடமில்லை என்பது அவர் துணிபு.

இத்தடைகள் சித்தாந்தியை அத்துணை வருத்தா. நமக்கு மாயை உள்பொருள். உலகு அதன் காரியம். தனு கரண புவன போகங்கள் உயிரின் மலநீக்கத்தின் பொருட்டு இறைவனால் அருளப்பட்டவை. வினை சடமாகலின் தானே வந்து பயன்கொடாது. கூட்டுவிப்பான் சிவனே ஆகலின், வினைப்பயனை ஊட்டுதலும் மருத்துவன் கைக்கத்தி போல் அருளின் செயலேயாம். அந்நாளில் திருவாளர் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் சித்தாந்த தீபிகை வாயிலாக ஆங்கிலம் கற்றார்க்கு இவற்றை விளக்கிவந்தனர். அங்ஙனம் சித்தாந்தம் அச்சேறி வெளிவந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சங்கரர் மரபிற் பிறந்த இளைஞர் ஒருவர் தமக்குக் கிடைத்த கருவிகளைக்கொண்டே இதற்கு விடைகாணப் புகுந்தனர்.

எம்.ஏ. தேர்வின் ஒரு பகுதியாக அவர் எழுதிய ஆராய்ச்சியுரை வேதாந்தத்தின் அறநெறியையும் அதற்கு அடிப்படையான தத்துவ முடிபுகளையும் பற்றியது. 1908-இல் நூலாக வெளிவந்தது. ஆண்டு இருபதும் நிரம்பாத மாணாக்கர் தம் ஆசிரியர்தம் கொள்கைக்கு மறுப்பாகவே அதனை எழுதினார். படித்த ஆக்கு அவர்கள் சினந்திலர். மாணாக்கரது நுண்மாண் நுழைபுலத்தைப் பாராட்டி நற்சான்று வழங்கினார். மாற்றார் கருத்தை மதித்துப் போற்றிய அவ்வாசிரியர்தம் பெருந்தன்மையும் நினைக்கத்தக்கது. நம்முட் சமயவாதம் நிகழ்த்துவார் எல்லார்பாலும் அது காணப்படுவதன்று.

அந்நூலிலும், அதன்பின் மேலைநாட்டு அறநூற் பத்திரிகையில் 1911-லும் 1914-லும் வெளிவந்த கட்டுரைகளிலும், உலகம் முழுப்பொய் அன்று என்பதனையே அவர் வற்புறுத்தினார். பிரமத்தைச் சார்ந்து நிற்பது உலகு; தனித்து நில்லாமை பற்றியே அது மாயை எனப்பட்டது; இன்மை பற்றி அன்று என்றனர். பிறவுயிரும் தன்னுயிரும் அடிப்படையில் ஒன்றாகலின் அயலார்க்குச் செய்வது தனக்கே செய்வதாம் என்றும், அதுவே அன்பிற்கு அசையாத நிலைக்களன் என்றும் காட்டினார். வினை பற்றிய தடைக்கு அவர் தந்த விடையும் சுவையுடையது. சீட்டாடுவான் கைக்கு வரும் சீட்டுகளை அவன் தேர்ந்துகொள்வதில்லை. வந்தவற்றைக்கொண்டு ஆடுந்திறம் அவனுடையது. வாழ்க்கையும் அத்தகையது என்பது அவர் கையாண்ட உவமை. உவமை மடங்களில் எடுத்தாளத்தக்கதன்று எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் பொருள் நோக்கின், வந்த சீட்டு நுகர்வினை எனப்படும் பிராரத்தம். ஆடும் முறை எதிர்வினையாகிய ஆகாமியம். கையில் வாராது எஞ்சிய கட்டினைச் சஞ்சிதம் என்னலாம். சீட்டைப் பகிர்ந்தளிப்பான் ஒருவன் வேண்டுமே என்னும் இடத்திலேதான் நமக்கும் அவர்க்கும் வேறுபாடு தொடங்குகின்றது.

அதன்மேற் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 1909-இற் சென்னை மாநிலக் கல்லூரி, 1918-இல் மைசூர், 1921-இற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மனநூல் அறநூற் பேராசனம், 1931 முதல் ஐந்தாண்டு ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1936-இல் ஆக்சுபோர்டில் கீழைச் சமயங்கட்கும் அறநூற்கும் என நிறுவப்பட்ட பேராசனம். அறநூல் என்னும் பெயர் அவர் பதவிகளையும் விடாது தொடர்ந்தது. இந்தியத் தத்துவம் பற்றிய பெருநூல் இரண்டு தொகுதியாக 1923-லும் 1927-லும் வெளிவந்தது. இரண்டாந்தொகுதியில் மெய்கண்டார் வழிவந்த சைவசித்தாந்தத்திற்கும் இடந்தந்துள்ளார். அப்பகுதி சுருக்கமானது; நம்மவர் மனம் நிறைவெய்துமாறு இல்லை. எனினும் மேலைநாட்டு மாணாக்கர் பலர் முப்பொருள் உண்மையை முதன்முதற் கேட்டறிந்தது அந்நூல் வழியேயாம்.

அதே தொகுதி அவர்க்குப் பெருந்துன்பமும் தந்தது. கல்கத்தாவில் யதுநாத சின்ஹா என்னும் இளம்புலவர், தம் ஆராய்ச்சியுரையினின்று சில பகுதிகள் அதன்கண் எடுத்தாளப்பட்டன என 1929-இல் மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையிற் குற்றஞ்சாட்டினார். ஒரே வடமொழி மூலங்களை இருவரும் மொழிபெயர்த்தமையின் ஒப்புமை நேர்ந்தது என்பது இராதாகிருஷ்ணர் விடை. இருதரத்தாரும் வழக்குத் தொடுத்தனர். 1933-இல் மன்றத்திற்கு வெளியே உடன்பாடு செய்துகொண்டு வழக்குகளை மீட்டுக்கொண்டனர். தீர்ப்பு ஒன்றும் வழங்கப்படாமையின் அதுபற்றி நாம் தீர்ப்புக் கூறப் புகுதல் முறையன்று. அறநூற் பேராசனத்தில் வீற்றிருந்தவர்மேல் அறப்பிழை ஒன்று சாட்டப்பட்டது என்பதனை மறைத்து வரலாறு எழுதுதலும் முறையன்று. பெரியோர் வரலாற்றை மாசற்ற புராணமாக்கும் வழக்கம் நம்மிடையே மிக்கிருத்தலின் இதனைக் குறித்தோம்.

இனி, எது நேர் எனத் துணிவது எங்ஙனம் என்பதற்கு அவர் கூறிய முடிபைப் பார்ப்போம். அறத்திற்கு வேர் நான்கு என்பது மிருதி நூலார் மரபு. மறை, மிருதி, நல்லோர் ஒழுக்கம், தன்னுள்ளத்து அமைதி என்பன அவை. இந்நான்கனையும் உடன்பட்ட இராதாகிருஷ்ணர் முதலிரண்டனையும் மாறாத கட்டளைகளாகக் கொண்டிலர். அறத்தின் அடிப்படை நிலையானது. அதனைச் செயற்படுத்தும் விதிகளோ காலத்தொடு மாறுவன. மாறாவிடின் அறமே மறமாகும் என்றனர். தீண்டாமை ஒழிதல் வேண்டும் என அவர் வற்புறுத்தியது இம்முடிபு பற்றியே. ஐயம் நேர்ந்துழி, கல்வி முடித்துச் செல்லும் மாணாக்கனுக்குத் தைத்திரீய உபநிடதத்து ஆசிரியர் காட்டிய வழியை அவர் பெரிதும் போற்றினார். கடுமையற்றவரும் அறத்தில் விருப்புடையவருமாகிய சான்றோர் அந்நிலையில் எங்ஙனம் ஒழுகுவரோ அங்ஙனம் ஒழுகுக என்பதே அவ்வழி. இறுதியில், துணியவேண்டியவன் தன் உள்ளத்தையே சான்றாகக்கொண்டு துணிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இங்கே நாம் நின்று ஆராய்தல் வேண்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. அநாதியே ஆணவத்தாற் பிணிக்கப்பட்டது. அத்தகைய உயிரின் உள்ளம் கூறும் சான்று எத்துணை நம்பத்தக்கது? தக்கனும் தன்னுள்ளம் நிறைவெய்தியே வேள்வி செய்தான். விதிகளில் ஒன்றும் வழுவவில்லை. முடிவில் அவ்வேள்வி தீவினையாயிற்று. விசாரசருமராகிய சண்டேசுரர் செய்தது நூல்களெல்லாம் மாபாதகம் எனக் கூறும் செயல், அது பெருந்தவமாயிற்று. அருணந்தி சிவாசாரியர் இவ்விரண்டனையும் அருகருகே வைத்துக் காட்டிய கருத்து, விதியும் தன்மன நிறைவும் அறத்தைத் துணிதற்குப் போதா, இறைவன்பால் அன்பு நின்றதா என்பதே துலாக்கோல் என்பதாம். இதனைக் கேட்டு அஞ்சுவாரும் உளர். வெகுண்டு செய்த கொடுமைக்கெல்லாம் பத்தி என்று பெயரிடலாமோ என வினவுவர். அச்சம் நியாயமானதே. ஆயின் அதே ஆசிரியர் உயிர்கட்கு நலஞ்செய்தலே இதம் எனவும், அதற்கு மறுதலை அகிதம் எனவும் பொதுவிதி வகுத்து, அவ்விரண்டனையும் இறைவன் தன்பாலனவாக ஏற்றே பயன் தருவான் என்றும் கூறியுள்ளார். சண்டேசுரர் பூசையில் தம்மை மறந்து நின்றவர். தம் வெகுளியைத் தாமே அறம் எனத் துணிந்தவர் அல்லர். தன் செயலுக்குச் சான்று தேடி அவர் பெயரைச் சொல்பவன் அப்பொழுதே அவர் நிலையினின்று வழுவியவனாவான்.

சான்றோர் ஒழுக்கத்தை நோக்குக என இராதாகிருஷ்ணர் கூறிய இடம் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்திற்கு மிக அணித்தானது. அடியார் இணக்கமின்றி உயிர் பெற்ற தெளிவு நில்லாது என்பது மெய்கண்டார் திருவுள்ளம். வேதாந்தி நல்லோரைத் தன் உள்ளச்சான்றுக்குத் துணை என்றார். சித்தாந்தி அவரைச் சிவனெனவே காண்கின்றான். இடைவெளி சிறிதுபோற் றோன்றினும் அதனுள் அருள் என்னும் பொருள் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

கொள்கை இருக்க, செயலில் அவர் துணிந்தது எங்ஙனம்? 1931-இல் ஆங்கில அரசினர் அவர்க்குச் சர் பட்டம் அளித்திருந்தனர், அவரும் ஏற்றிருந்தனர். 1939-இல் மாளவியர் வேண்டுகோட்கு இணங்கிக் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1942 ஆகத்தில் வெள்ளையரை வெளியேறுமாறு கூறும் கிளர்ச்சி எழுந்தபோது மாணாக்கர் அதன்கண் முன்னின்றனர். மாகாண ஆளுநர் ஹாலெட்டு என்பார் சினந்து, பல்கலைக்கழகம் முழுவதையும் போர்க்கால மருத்துவமனை யாக்கக் கருதினார். அவ்வழி நோக்கின் மருத்துவமனையும் அறமன்றோ? அரசு தந்த பட்டம் ஒருபுறம். அரசுப் பொருளுதவி ஒருபுறம். தம்மை நம்பிய மாணாக்கர் ஒருபுறம். எந்த மிருதியும் இதற்கு விதி வகுத்திலது. அவர் தாழாது தில்லி சென்று அரசப்பிரதிநிதி லின்லித்கோவைக் கண்டு வாதித்து அவ்வெண்ணத்தைத் தடுத்தனர். ஆளுநர் பொருளுதவியை நிறுத்தினார். துணைவேந்தர் கல்லூரிக்குப் பொருள் வேண்டிப் பலர் வாயிலிலும் சென்று நின்றார். கலைமகள் கோயிலுக்காக இரத்தல் காசித் தலத்திற்கு இழிவன்று. அதே ஆண்டின் குளிர்காலத்திற் கல்கத்தாவிலும் காசியிலும் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளே, அறத்தின் வேர்களை மேற்கூறியவாறு விளக்கி, 1947-இற் சமயமும் சமுதாயமும் பற்றிய நூலாக வெளிவந்தன. படைவீரர் காவலையும் வெறுங்கருவூலத்தையும் கண்டு மீண்டவர் பேச்சு என்பதனை நினைவிற்கொண்டு படித்தால் அந்நூலின் சுவை வேறாகும். 1948-இல் வெளியிட்ட கீதை மொழிபெயர்ப்பைக் காந்தியடிகட்கு உரிமையாக்கினார். அதுவும் செய்வது இன்னதென அறியாது தேர்த்தட்டில் அமர்ந்தவன் கதையே.

1949-இல் அவர் மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பப்பட்டபோது, கடவுளை மறுக்கும் நாட்டில் வேதாந்தி செய்வது என் எனப் பலர் நகைத்தனர். 1950 சனவரியில் ஸ்டாலினைக் கண்டபோது, குருதி சிந்திய வெற்றிக்குப்பின் போரைத் துறந்த அசோகன் வரலாற்றை எடுத்துரைத்தார். தங்கட்கும் அத்தகைய மாற்றம் நேர்தல் கூடும் என்பது அதன் குறிப்பு. மன்னர் முன்னிலையில் இடித்துரைத்தல் அமைச்சர்க்கு எளிதன்று; அயல்நாட்டுத் தூதர்க்கு அதனினும் அரிது. 1952 முதல் பத்தாண்டு துணைக் குடியரசுத் தலைவராயும், 1962 முதல் ஐந்தாண்டு குடியரசுத் தலைவராயும் விளங்கினார். 1962-இற் சீனர் படையெடுப்பில் நாடு தோல்வியுற்றபோது, எளிதின் நம்பியமையும் அசட்டையும் காரணம் எனத் தம் பெயரால் நடைபெறும் ஆட்சியையே வெளிப்படக் குறைகூறினார். பதவியின் வரம்பை அவர் கடந்தார் என்பாரும் உளர். வரம்பு கருதி வாளாவிருத்தல் பொய்க்குத் துணைபோதலாம் என்பாரும் உளர். அவர் தம் உள்ளச்சான்றை நோக்கினார் என்பது மட்டும் தெளிவு. அவ்வாண்டிலேயே, தம் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பிய மாணாக்கரிடம், அதனை ஆசிரியர் அனைவர்க்கும் உரிய நாளாக்குமாறு கூறினார். அது முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் திருநாளாயிற்று.

1967-இற் பதவி நீங்கிச் சென்னை மயிலாப்பூரிலுள்ள தம் இல்லத்திற்குத் திரும்பினார். பின்னர் நோய்வாய்ப்பட்டு, 1975 ஏப்ரல் 17-ஆம் நாள் அந்நகரிலேயே உடல் நீத்தார். தணிகைமலைப் படிகளினின்று அவ்வில்லம் ஐம்பதுகல் தொலைவு; அவ்வளவு கடத்தற்கு அவர் காசியும் ஆக்சுபோர்டும் மாஸ்கோவும் தில்லியும் சுற்றி வந்தார்.